மூச்சை இழுத்துப் பிடியுங்கோ

ஏ.எல். பெறுபேறு வந்து சில மாதம் கழித்து, எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்தாள். உயிரியல் பிரிவில் படித்தவள். மருத்துவ பீடம் கொஞ்சத்தில் தவறிப் போனது. கையில் வர்த்தமானியின் போட்டோக்கொப்பி. சுகாதார அமைச்சு துணை மருத்துவப் பயிற்சிகளுக்கு விண்ணப்பம் கேட்டிருந்த பக்கத்தில் எக்ஸ்றே எடுக்கிறவர்களுக்கான வரியைப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். "அக்கா, உங்கடை வேலைக்குப் போடுவமோ எண்டு யோசிக்கிறன். ஆனா மாமா சொல்லுறார், அது பட்டன் அமத்திற வேலைதானே, அதுக்கு ஏன் இரண்டு வருசம் கொழும்பிலை போய்க் கிடக்கவேணும் எண்டு."

அவளை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, தெரிந்ததெல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பயிற்சி, இரண்டு வருடம், பாடம் ஆங்கிலத்தில். காலையில் வகுப்பு என்றால் மிச்ச நேரம் எக்ஸ்றே அறையில் நின்று பழகவேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதற்கே நான்கு வருடப் பட்டப்படிப்பும் இருக்கிறது, அதையும் பார் என்றேன். அவளுடைய அம்மா கட்டாயம் கேட்கப்போகிற கேள்விக்கும் பதில் சொன்னேன்: கதிர் பட்டுப் பிள்ளை பிறக்காமல் போகும் என்று சனம் சொல்வதை நம்பவேண்டாம். நாங்கள் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறோம். நெஞ்சில் குத்தியிருக்கிற சின்ன அட்டை எங்களுக்கு எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வைக்கும். வேலை செய்கிறவருக்கு ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவேட் (உடம்பில் பட்ட கதிர் அளவைச் சொல்கிற அலகு) என்பதுதான் எல்லை. ஒழுங்காக நடக்கிற எக்ஸ்றே அறையில் அதற்குக் கிட்டவே யாரும் போவதில்லை.

அவள் சந்தோசமாகத்தான் போனாள். எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை. அவள் கேட்டது அது பட்டன் அமத்துகிற வேலையா என்று. நான் சம்பளமும் பாடத்திட்டமும் கதிர் அளவும் சொல்லியிருக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

பட்டனில் இரண்டு படி

முதலில் அந்தப் பட்டனையே எடுப்போம். அதில் இரண்டு படி இருக்கிறது. முதல் படிக்கு மெல்ல அமத்தினால் எக்ஸ்றே குழாய்க்குள் தங்குதன் உலோகத் தட்டு சுழலத் தொடங்கும், நிமிடத்துக்கு 3000 சுற்று அளவில். எதிர்ப்பக்கத்தில் சின்னக் கம்பி ஒன்று வெள்ளையாகக் காயும். வயல் கரையில் தண்ணிப் பம்பி ஓடத் தொடங்குகிற மாதிரி ஒரு இரைச்சல் எழும்பி, ஒரு நிலைக்கு வந்து நிற்கும். அதற்கு ஒரு செக்கன், சில மெசினில் கொஞ்சம் கூட. பிறகு முழுதாக அமத்தினால் கம்பியிலிருந்து இலத்திரன்கள் பாய்ந்து தட்டில் மோதும். அந்தச் சக்தியில் 99 வீதம் வெறும் சூடாகப் போய்விடும், ஒரு வீதமளவுதான் எக்ஸ்றே. நெஞ்சுப் படம் என்றால் செக்கனில் நூறில் சில பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த இரண்டு படிக்கும் இடையில் இருக்கிற ஒரு செக்கனில்தான் எங்கள் வேலை இருக்கிறது. பலகையைப் பார்த்து நிற்கிற மனிசனுக்கு நாடியை மேலே தூக்கி வைக்கச் சொல்லியிருப்போம். இரண்டு கையையும் இடுப்பில் மடக்கி வைத்து முழங்கையை முன்னுக்குத் தள்ளச் சொல்லியிருப்போம், தோள்பட்டை எலும்பு நுரையீரலுக்கு மேலிருந்து விலகுவதற்கு. குழாய் 180 சென்ரிமீற்றர் தள்ளி முதுகுப் பக்கம் நிற்கும். இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருக்கிறது, அது பலகையில் இருக்கிற படத் தகட்டுக்குக் கிட்ட இருந்தால்தான் படத்தில் பெருத்துத் தெரியாது. இவ்வளவும் சரி. இனி அவர் மூச்சை முழுதாக இழுக்கவேண்டும், இழுத்ததைப் பிடிக்கவேண்டும், அசையாமல் நிற்கவேண்டும். அது நடக்கிற அந்தக் கணத்தில் என் விரல் இரண்டாம் படிக்குப் போகவேண்டும்.

மூச்சு முழுதாகப் போனால் உதரவிதானம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசை, கீழே இறங்கும். படத்தில் பின்பக்க விலா எலும்பு பத்து எண்ணலாம். பாதி மூச்சென்றால் ஏழு, எட்டு. அப்போது நுரையீரலின் அடிப்பக்கம் நெருக்குப்பட்டு வெள்ளையாகத் தெரியும், இதயம் அகலமாகத் தெரியும். இல்லாத சளிக் காய்ச்சலையோ இல்லாத இதய வீக்கத்தையோ வைத்தியர் சந்தேகப்படக்கூடும். ஒரு மூச்சுக் குறைந்ததற்கு ஒருவர் வார்ட்டில் இரண்டு நாள் கூடக் கிடக்கலாம். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூச்சை இழுக்கச் சொல்வது நான். அதை நான் எப்படிச் சொல்கிறேன் என்பது படத்தில் விழுகிறது.

ஒத்துழைக்கவில்லை

பயிற்சியில் மூன்றாம் மாதம். எங்களைப் பிரித்துப் பிரித்து வெவ்வேறு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. முதல் வருடப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கலாம், நோயாளியைத் தூக்கி இருத்தக் கை கொடுக்கலாம், அதற்கு மேல் வாய் திறக்கக்கூடாது. மதியத்துக்கு முதலே வெளியே வாங்கு நிரம்பி நடையிலும் சனம். வேலையில் நின்றவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருகிறவர், மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் நின்று செய்கிறவர்.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து மாற்றி அனுப்பிய ஒரு ஐயா வந்தார். சாரம் கட்டியிருந்தார். பழைய படங்கள் வைத்த பெரிய பையை நெஞ்சோடு பிடித்திருந்தார், அதை வாங்கி வைக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. பலகைக்கு முன்னால் நிறுத்தினோம். "ஹுஸ்ம கன்ன" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் போனது. சிங்களத்தில் மூச்சை எடுங்கள் என்று அர்த்தம். ஐயா யார் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் படம் விழுந்தது. இரண்டு காறையெலும்பும் ஒன்றுக்கொன்று கோணல். இரண்டாம் தரம், "ஹுஸ்ம கன்ன, அல்லகன்ன, ஹெல்லென்ன எபா." மூச்சை எடுங்கள், பிடியுங்கள், அசையவேண்டாம் என்று. ஐயா இந்தத் தரம் திரும்பவில்லை. விறைத்து நின்றார், மூச்சே எடுக்கவில்லை. ஏழு விலா. மூன்றாம் தரம் ஏதோ விளங்கினது போல் வேகமாக மூச்சை வாங்கினார், அதிலேயே உடம்பு ஆடிவிட்டது. படம் மங்கல். பரவாயில்லை, காணும் என்று அதையே எடுத்துக்கொண்டார்கள்.

நான் அதே தடுப்புக்குப் பின்னால்தான் நின்றேன். என் வாய்க்குள் தமிழ் இருந்தது. "ஐயா, முன்னுக்குப் பாருங்கோ, மூச்சை இழுத்துப் பிடியுங்கோ." ஆறு சொல். பேசக்கூடாது என்ற கட்டளை ஒன்று, என் அரைகுறைச் சிங்களம் ஒன்று. மூன்றாவதாக, அந்த இடத்தில் தமிழில் சத்தமாகக் கதைக்கலாமா என்ற ஒரு தயக்கம். யுத்தம் முடிந்த 2009இல் பத்து வயதாக இருந்த எங்களுக்கு அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கவேண்டியதில்லை.

சட்டை போடுவதற்குக் கை கொடுத்தபோது மெல்ல "இஞ்சாலை வாங்கோ ஐயா" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை தமிழோ?" ஓம் என்றேன். "எனக்கு விளங்கேல்லை பிள்ளை. அந்த டொக்டரிட்டைச் சொல்லிவிடு, நான் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு."

நான் சொல்லவில்லை. அவர் போனபிறகு, திருப்பி எடுத்த படங்களைப் பதிகிற கொப்பியைப் பார்த்தேன். ஏன் திருப்பி எடுத்தது என்று எழுதுவதற்கு ஒரு நிரல் இருக்கும். நிறுத்தின விதம் பிழை, கதிர் கூட, கதிர் குறைய, அசைந்துவிட்டார் என்று காரணங்கள். ஐயாவின் இலக்கத்துக்கு நேரே எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால்: நோயாளி ஒத்துழைக்கவில்லை.

இதை நான் ஒரு விரிவுரையாளரிடம் கேட்டேன். அவர் அன்பாகவே விளங்கப்படுத்தினார். ஒரு நெஞ்சுப் படத்துக்கு 0.02 மில்லிசீவேட் அளவுதான். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் சும்மா இருக்கிற மனிதனுக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவேட் கிடைக்கிறது. ஆக ஒரு படம் என்பது மூன்று நாள் உயிரோடு இருப்பதற்குச் சமம், மூன்று படம் ஒன்பது நாள், அதற்கு ஏன் இவ்வளவு கவலைப்படுகிறாய்? கணக்குச் சரி. அந்தக் கணக்கை நான் இன்றைக்கும் பயந்து வருகிற சனத்துக்குச் சொல்கிறேன், சொன்னதும் அவர்கள் முகம் தெளிகிறது. ஆனால் இயன்றளவு குறைவாகக் கதிர் கொடு என்று எங்களுக்குப் படிப்பித்ததே அதே பள்ளிக்கூடம். பயன் இருந்தால்தான் கதிர். அந்த முதல் இரண்டு படத்தாலும் ஐயாவுக்கு என்ன பயன்? அதோடு என்னை அரித்தது கதிர் அளவு இல்லை. ஒருவருக்கு விளங்காத மொழியில் கட்டளை கொடுத்துவிட்டு, அவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவைத்தோம். அவரும் அதை நம்பி, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இன் 13ஆம் திருத்தம் சொல்கிறது. எங்கள் செய்முறைப் பரீட்சையில் கேவி (குழாயின் மின்னழுத்தம்) எவ்வளவு, எம்ஏஎஸ் (மின்னோட்டமும் நேரமும் பெருக்கினது) எவ்வளவு, இடம் வலம் காட்டுகிற ஈய எழுத்தை எந்தப் பக்கம் வைத்தாய் என்று கேட்டார்கள். மூச்சை எடுக்கச் சொல்லிக் காட்டு, இரண்டு மொழியிலும் சொல்லு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்குப் புதுக் கட்டிடம் வேண்டாம், மெசின் வேண்டாம், ஒரு மத்தியானம் போதும்.

நாங்களே அதைச் செய்தோம். விடுதியில் என்னோடு இருந்த சிங்களப் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவள் உடனே கொப்பியை எடுத்து, எனக்குச் சொல்லித் தா என்றாள். "மூச்சு" என்ற சொல்லைச் சிங்கள எழுத்தில் எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்தாள். "சரிஞ்சு படுங்கோ" அவளுக்கு வாயில் வர ஒரு கிழமை எடுத்தது. நான் அவளிடம் சிங்களம் பழகினேன், பாடப் புத்தகச் சிங்களம் இல்லை, அவளுடைய அம்மம்மாவுக்கு விளங்குகிற சிங்களம். இன்றைக்கும் எப்போதாவது வேலை நேரத்தில் அவளிடமிருந்து தொலைபேசி வரும்: விரலை விரித்து வையுங்கள் என்று ஒரு ஆச்சிக்கு எப்படிச் சொல்வது, கெதியாகச் சொல்லு.

வலை சிக்கின கதை

பயிற்சி முடிந்து வன்னிக்கு வேலைக்கு வந்தபோது நான் மனதில் ஒன்று நினைத்திருந்தேன். இனி எல்லாம் தமிழ், இனி திருப்பி எடுக்கிற வேலை இருக்காது. இரண்டு வருடமாக மொழியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் குற்றம் உண்மை, ஆனால் அது மட்டும் காணாது என்று விளங்க இரண்டு கிழமைதான் ஆனது.

"மூச்சை அடக்குங்கோ" என்று சொன்னால் சனம் இருந்த மூச்சோடு அப்படியே நின்றுவிடும், உள்ளே எதுவும் போகாது. "மூச்சை நல்லா இழுங்கோ" என்றால் பெண்கள் பலர் வயிற்றை எக்கி உள்ளே இழுப்பார்கள், உதரவிதானம் இறங்குவதற்குப் பதிலாக ஏறும். ஆம்பிளைகள் தோளைக் காதுவரைக்கும் உயர்த்துவார்கள். வயது போனவர்கள் வாயை மூடிக் கன்னத்தை உப்புவார்கள். சின்னப் பிள்ளைகள் ஊதுவார்கள். "ஆழமாகச் சுவாசியுங்கள்" என்று ஒரு அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் நின்ற மகளிடம் "என்னவாம்?" என்று கேட்டார். நான் பேசியது அவருடைய மொழிதான். ஆனால் பிறந்த நாளிலிருந்து ஒருவர் நினைக்காமலே செய்துவருகிற ஒன்றை, திடீரென்று நினைத்துச் செய் என்று சொன்னால் யாருக்குத்தான் வரும்? என் கொப்பியிலும் திருப்பி எடுத்த படங்கள் ஏறிக்கொண்டு போயின. காரணம் எழுதும் நிரலுக்கு வந்ததும் என் பேனை நின்றுவிடும்.

ஒரு நாள் இரணைமடுக் குளத்தில் மீன் பிடிக்கிற ஒரு அப்பு வந்தார். எழுபது வயது தாண்டியிருக்கும். மூன்று கிழமையாக இருமல், சயரோகம் இருக்குமோ என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். காது கொஞ்சம் மந்தம். முதல் படத்தில் எட்டு விலா, அடிப்பக்கம் இரண்டும் வெள்ளை. நான் பக்கத்தில் போய் நின்று உரத்துச் சொன்னேன், செய்து காட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் செய்தார், ஆனால் தோள்தான் ஏறியது. மூன்றாம் தரம் செய்யச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சோர்வு வந்தது. கொழும்பில் அந்த ஐயாவின் முகத்தில் பார்த்த அதே சோர்வு.

அறைக்குள் தள்ளுவண்டியைத் துடைத்துக்கொண்டு நின்ற சிற்றூழியர் அக்கா நிமிர்ந்தா. எந்த ஊர் என்று அப்புவிடம் கேட்டா. பிறகு, "அப்பு, குளத்துக்கை வலை கட்டையிலை சிக்கினா என்ன செய்வியள்?" என்றா.

"சுழியோடித்தான் எடுக்கிறது. வேறை என்ன செய்யிறது."

"சரி, இப்ப வலை சிக்கிப்போச்சு."

அப்பு சிரித்தார். ஒரு கையால் முகத்தை வழித்துவிட்டு, தானாகவே பலகைக்குத் திரும்பினார். நான் ஓடித் தடுப்புக்குப் பின்னால் போனேன். அவர் முதலில் இருந்த மூச்சையெல்லாம் வெளியே ஊதினார். பிறகு ஒரு மூச்சு எடுத்தார், விட்டார். பிறகு இன்னொன்று. அந்த இரண்டாவது மூச்சு முதுகு அகல, விலாப்பக்கம் விரிய, தோள் அசையாமல் உள்ளே போனதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் பாடத்தில் இருக்கிறது, முதல் மூச்சில் எடுக்காதே, இரண்டாம் முழு மூச்சில் எடு, அதில்தான் காற்றுக் கூடப் போகும் என்று. பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதியிருக்கிறேன். இந்த மனிசன் அதை, இரணைமடுக் குளத்துக்கு வருகிற கனகராயன் ஆற்றுத் தண்ணிக்குள் சின்ன வயதிலேயே படித்திருக்கிறார். இரைச்சல் நிலைக்கு வந்தது, அமத்தினேன்.

திரையில் படம் ஏறியதும் எண்ணினேன். பத்து. திரும்பவும் எண்ணினேன். அடிப்பக்கத்து வெள்ளை இரண்டும் போய்விட்டது, அது வெறும் மூச்சுக் குறைவு. நான் திரையையே பார்த்துக்கொண்டு நிற்க, அக்கா கதவடியில் நின்று சொன்னா: "பிள்ளை, அப்புவை மேலை வரச் சொல்லு." அவர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றார். "விடுங்கோ அப்பு" என்றேன்.

அந்த அக்கா ஓ.எல். வரைக்கும் படித்தவ. நான் இரண்டு வருடம் படித்த எதையும் அவ படிக்கவில்லை. ஆனால் அப்புவின் உடம்புக்குள் அந்த மூச்சு ஏற்கெனவே இருக்கிறது என்பது அவவுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கூப்பிட ஒரு பெயர் மட்டும்தான் தேவைப்பட்டது. நான் அதுவரைக்கும் மூச்சைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தேன்.

கொப்பியில் ஏறிய சொற்கள்

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். அதில் யாருடைய பெயரும் இல்லை, சொற்கள் மட்டும். குளத்துக்கும் கடலுக்கும் போகிற ஆம்பிளைகளுக்குச் சுழியோடுவது. பிள்ளைகளுக்குப் பூ மணப்பது, பெரும்பாலான பெண்களுக்கும் அதுவே சரிவருகிறது. நெல்லு மூட்டை தூக்குவதற்கு முதல் இழுக்கிற மூச்சு என்று வயல்காரருக்குச் சொல்லிப் பார்த்தேன், அது பிழைத்தது. மூட்டை என்றதும் முக்கிப் பிடிக்கிறார்கள், தோளும் ஏறிவிடுகிறது. அதை வெட்டிவிட்டேன்.

குளத்துக் கதையும் எல்லாருக்கும் சொல்லக்கூடாது என்று ஒரு நாள் தெரிந்தது. நாற்பது வயதளவில் ஒரு அம்மா. "தண்ணிக்குள்ளை முங்கப் போற மாதிரி மூச்செடுங்கோ" என்றேன். அவர் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். 2009இல் நந்திக்கடல் தண்ணிக்குள்ளால் நடந்து வந்தவர் என்று பிறகுதான் கூட வந்தவர் சொன்னார். நான் பூவைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன்: முதலில் எந்த ஊர் என்று கேள், பிறகு முகத்தைப் பார்.

இதே மாதிரித்தான் மற்றக் கேள்விகளும். "உலோகம் ஏதும் இருந்தால் கழற்றுங்கள்" என்று எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் எழுதியிருக்கும். சங்கிலி, தோடு, ஊக்கு. வன்னியில் கழற்ற முடியாததைச் சுமக்கிறவர்கள் எத்தனையோ பேர். என் சித்தப்பாவின் தோளுக்குள்ளும் யுத்த காலத்துச் செல் (எறிகணை) துண்டு ஒன்று இருக்கிறது, மாரி காலத்தில் உளையும். சாதாரண எக்ஸ்றேக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, படத்தில் வெள்ளையாக விழும், அவ்வளவுதான். எம்ஆர்ஐக்கு அனுப்பப்போகிறார்கள் என்றால் கட்டாயம் தெரியவேண்டும். அந்தக் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும், கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் பார்வையே போகலாம். ஆனால் "பீஸ் இருக்கோ?" என்று, அதாவது செல் துண்டு இருக்கோ என்று, படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் சிலர் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். காயம் எங்கே பட்டது, எந்த இடத்தில் பட்டது, ஏன் அங்கே நின்றாய் என்று முந்தி வேறு ஆட்கள் வேறு காரணத்துக்காகக் கேட்ட கேள்வி அது. நான் இப்போது பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்: "பழைய காயத்தின்ரை ஏதாவது உடம்புக்குள்ளை நிக்குதோ அம்மா? படம் வடிவா வர வேணும், அதுக்குத்தான்." காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் சட்டையைத் தானாகவே விலக்கிக் காட்டுகிறார்கள்.

இளம் பெண்களுக்கு வயிற்றுப் பக்கம் படம் எடுக்க முதல் கர்ப்பமா என்று கேட்கவேண்டும், அது விதி. "முழுகாமல் இருக்கிறியளோ?" என்று எங்கள் ஊர்ச் சொல்லில் கேட்டால் வயதானவர்களுக்கு விளங்கும், இருபது வயதுப் பிள்ளைகள் சிலர் முழிக்கிறார்கள். அதைவிட முக்கியம் மாமியாரை வெளியே இருத்திவிட்டுக் கேட்பது. இது எந்தப் பாடத்திலும் இல்லை, ஒரு தரம் பிழைவிட்டுத்தான் படித்தேன்.

ஒவ்வொரு நவம்பர் 8ஆம் திகதியும் உலகக் கதிர்ப்படவியல் தினம் வரும். 1895இல் ஜெர்மன் விஞ்ஞானி ரொன்ட்ஜன் எக்ஸ்றேயைக் கண்டுபிடித்த நாள். அதே ஆண்டு டிசம்பர் 22இல் அவர் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிகிற அந்தப் படத்தைப் பாடப் புத்தகத்தில் பார்க்காதவர்கள் குறைவு. அதற்கு ஏறத்தாழ 15 நிமிடம் மனைவி கையை அசைக்காமல் வைத்திருந்தாராம். நான் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பது, அந்த 15 நிமிடமும் ரொன்ட்ஜன் மனைவியோடு என்ன கதைத்திருப்பார் என்பதுதான். கையை அசைக்காதே என்று ஒரு தரம் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றிருக்க மாட்டார்.

திரும்பவும் அந்தப் பிள்ளை

இரண்டு நாள் கழித்து நானே அவள் வீட்டுக்குப் போனேன். விண்ணப்பத்தை நிரப்பி மேசையில் வைத்திருந்தாள். நான் இந்தக் கதைகளில் ஒன்றிரண்டைச் சொன்னேன், அப்புவின் கதையை முழுதாகவே சொன்னேன். அவளுடைய மாமாவும் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொழும்பில் அந்த ஐயா சொன்னதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது விடுதியில் அந்தச் சிங்களப் பிள்ளையிடம் ஒரு தரம், இப்போது இவளிடம்.

"விண்ணப்பத்தைப் போடுறதுக்கு முதல் ஒண்டு செய்" என்றேன். "உன்ரை அம்மம்மாவைச் சுவரைப் பார்த்து நிப்பாட்டு. பின்னாலை போய் நிண்டு மூச்செடுக்கச் சொல்லு. தோள் ஏறுதோ, வயிறு உள்ளுக்கை போகுதோ எண்டு பார். தோள் ஏறாமல் முதுகு விரியிற வரைக்கும் என்னென்ன சொல்லிப் பார்த்தனி எண்டு எழுதி வை."

பின்னேரம் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, நான் மூச்செடுங்கோ எண்டு சொன்ன உடனை அம்மம்மா பயந்திட்டா. ஏன் பிள்ளை, எனக்கு என்ன வருத்தம், டொக்டர் உன்னட்டை ஏதும் சொன்னவரோ எண்டு அழுகிற மாதிரிக் கேட்டவ."

"அதுக்கு நீ என்ன சொன்னனி?" என்று கேட்டேன்.